கட்டுப்பாடு இல்லாத வானம்... கட்டுப்பாடான பைலட்!

‘கட்டுப்பாடே இல்லாத பையன்’ என்று பக்கத்து வீட்டு அத்தை யாரையாவது சொன்னால், அது திட்டு. ஆனால், ‘கட்டுப்பாடு இல்லாத வான்பரப்பு’ என்று விமானப் பாடத்தில் வந்தால், அதையும் அப்படியே அர்த்தம் பண்ணிக்காதீங்க. அங்கே விதிகள் எல்லாம் பக்காவா இருக்கு. ‘நீ போ, நீ நில்லு’ன்னு வழிவிடச் சொல்ற ஆள்தான் இல்லை.

டோல்கேட் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப ஈஸி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில சிக்னல் அணைஞ்சு, டிராஃபிக் போலீஸும் இல்லாத ஒரு ராத்திரியை நினைச்சுக்கோங்க. ஹார்பருக்குப் போற கன்டெய்னர் டிரெய்லர் ஒரு பக்கம், ஷேர் ஆட்டோ இன்னொரு பக்கம், நடுவுல பைக்ல நீங்க. யார் முதல்ல போறது? ‘தைரியம் இருக்கறவன் போவான்’ என்பதுதான் நம்ம ரோட்டு பதில். வானத்துல அந்தப் பதில் செல்லாது. ஏன்னா, அங்கே பிரேக் கிடையாது!

ஏ முதல் ஜி வரை

உலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, வானத்தை ஏ-விலிருந்து ஜி வரை ஏழு வகுப்பாப் பிரிச்சு வெச்சிருக்கு. முதல் ஐந்தும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பெரிய ஏர்போர்ட்டைச் சுற்றி இருக்கிற வானம் இந்த வகை. கடைசி ரெண்டு, எஃப்-பும் ஜி-யும், கட்டுப்பாடு இல்லாதவை.

ஜி வகுப்பில் பறக்க, கட்டுப்பாட்டு கோபுரத்திடம் ‘கிளியரன்ஸ்’ வாங்க வேண்டியதில்லை. கேட்டால் தகவல் கிடைக்கும். ‘உங்க வலது பக்கம் ஒரு விமானம் வருது’ன்னு சொல்லுவாங்க. ஆனா, உங்களையும் அதையும் பிரிச்சு விடுற பொறுப்பு அவங்களுக்குக் கிடையாது. அது உங்க தலையில.

அதனால, கண்ணால் பார்த்துப் பறக்கிற பைலட்டுக்கு முதல் விதியே ‘பார்க்க முடியணும்’ என்பதுதான். 10,000 அடிக்குக் கீழே பொதுவா 5 கி.மீ. தூரமாவது தெரியணும். அதுக்கு மேலே போனா 8 கி.மீ. மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலேயும் கீழேயும் 300 மீட்டர் தள்ளியிருக்கணும். 3,000 அடிக்குக் கீழே மட்டும் கொஞ்சம் சலுகை: மேகத்துக்குள்ள போகாம, தரை கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்.

காசிமேடு அண்ணன்களுக்குத் தெரிஞ்ச விதி

எதிரும் புதிருமா ரெண்டு விமானம் வந்தால்? ரெண்டுமே வலப்பக்கம் திரும்பணும். குறுக்கே வந்தால்? யாருக்கு மற்றவர் வலப்பக்கம் தெரியறாரோ, அவர் வழிவிடணும். முந்திப்போறவர், முன்னால போறவரோட வலப்பக்கமா ஒதுங்கிப் போகணும். இன்ஜின் வெச்ச விமானம் கிளைடருக்கு வழிவிடணும், கிளைடர் பலூனுக்கு வழிவிடணும். தரை இறங்குறவருக்கு முன்னுரிமை. ரெண்டு பேர் இறங்க வந்தால், கீழே இருக்கறவருக்கு முதல் சான்ஸ். அதுக்காக இன்னொருத்தர் மூக்குக்கு முன்னால சொருகவும் கூடாது!

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? டோல்கேட்டிலிருந்து கிழக்கே நடந்து, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையைத் தாண்டினா கடல். அங்கே போற கப்பலுக்கும் விசைப்படகுக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான். எதிரெதிரே வந்தா வலப்பக்கம், குறுக்கே வந்தா வலப்பக்கம் இருக்கறவருக்கு வழி. கடல்ல எழுதின பாடத்தை வானம் கடன் வாங்கிக்கிச்சு.

இன்னொரு அழகான மேட்டர், விளக்கு. கப்பலா இருந்தாலும் விமானமா இருந்தாலும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. இப்போ யோசிங்க. உங்க வலப்பக்கத்திலிருந்து ஒருத்தர் குறுக்கே வந்தா, உங்களுக்குத் தெரியறது அவரோட இடது பக்கம், அதாவது சிவப்பு. வழிவிட வேண்டியது நீங்க! இடப்பக்கத்திலிருந்து வந்தா பச்சை தெரியும். வழி உங்களுக்கு. ஆக, சிக்னல் காணாமப் போகலை பாஸ். அது எதிராளியோட இறக்கையில எரியுது!

44 விநாடிக் கணக்கு

இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் எழுதற கட்டுரையில கணக்கு இல்லாட்டி எப்படி? 110 நாட் வேகத்தில் ரெண்டு சின்ன செஸ்னா விமானங்கள் நேருக்கு நேர் வருதுன்னு வைங்க. ரெண்டும் நெருங்குற வேகம் 220 நாட். விநாடிக்கு சுமார் 113 மீட்டர். 5 கி.மீ. தூரம் கரைய 44 விநாடிதான்.

ஒரு விமானத்தைப் பார்த்து, ‘இது மோதும்’னு மூளை புரிஞ்சு, கை திருப்பி, விமானம் திரும்ப மொத்தம் 12.5 விநாடி ஆகும்னு அமெரிக்க விமானத் துறை வழிகாட்டி சொல்லுது. அப்படின்னா 1.4 கி.மீ. தூரத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே பார்த்தாகணும். அந்தத் தூரத்தில், 11 மீட்டர் இறக்கை, நிலாவோட அகலத்தைவிடக் கொஞ்சம் சின்னதாத்தான் தெரியும். இதுல ஒரு வில்லத்தனம் வேற. மோத வர்ற விமானம் கண்ணாடியில நகரவே நகராது. ஒரே இடத்தில் நின்னுக்கிட்டு, பெருசாகிக்கிட்டே வரும். அசையுறதைத்தான் நம்ம கண்ணு சட்டுனு பிடிக்கும். அசையாததைக் கோட்டை விட்டுடும்.

மங்களூரில் நடந்தது

நம்ம மங்களூர் இல்லை, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து மங்களூர். 2020 பிப்ரவரி 19 அன்று, அங்கே ஜி வகுப்பு வானத்தில் ரெண்டு பயிற்சி விமானங்கள் மோதின. ஒண்ணு கிளம்பிப் போய்க்கிட்டிருந்தது, இன்னொண்ணு மங்களூரை நோக்கி வந்துக்கிட்டிருந்தது. ஒவ்வொண்ணிலும் ரெண்டு பேர். நாலு பேரும் இறந்துட்டாங்க.

மனசை உறுத்துறது என்னன்னா, கட்டுப்பாட்டாளர் ரெண்டு தரப்புக்குமே மற்ற விமானத்தைப் பற்றித் தகவல் சொல்லியிருந்தார். ஆனால், ரெண்டு விமானிகளும் ரேடியோவில் ஒருத்தரோடு ஒருத்தர் நேரடியாகப் பேசிக்கவில்லை. ஆபத்து இவ்வளவு பக்கத்தில் இருக்குன்னு அவங்க உணராமல் இருந்திருக்கலாம் என்பது அந்நாட்டு விசாரணை அமைப்பின் முடிவு.

அதனாலதான் கோபுரம் இல்லாத ஓடுதளங்களில் பைலட்கள் தாங்களே அறிவிச்சுக்கிட்டே வருவாங்க: நான் யார், எங்கே இருக்கேன், எவ்வளவு உயரம், அடுத்து என்ன செய்யப்போறேன். யாரும் பதில் சொல்லாட்டியும் சொல்லணும். ‘எனக்குத்தான் வழி’ங்கிற உரிமை இருந்தாலும், மோதலைத் தவிர்க்கிற கடமை அவருக்கும் இருக்கு என்கிறது சர்வதேச விதி.

2017 ஜனவரி 28 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற ரெண்டு கப்பல்கள் மோதின. கரையில ஒதுங்கின எண்ணெய்க் கசடை வாளி வாளியா அள்ளினாங்களே, அதுல காலேஜ் பசங்களும் இருந்தாங்க. விதியை எழுதி வெச்சா மட்டும் மோதல் நிக்காதுங்கிறதுக்கு, நம்ம கரையே சாட்சி.

நீங்களும் பறக்கலாமா?

தாராளமா! தனியார் பைலட் உரிமத்துக்கு வயசு 17, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, மருத்துவத் தகுதி, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் வேணும். ரேடியோ பேச தனி உரிமம். செலவுதான் கொஞ்சம் கண்ணைக் கட்டும். இன்னொண்ணு, ஜி வகுப்புன்னாலும் நம்ம நாட்டுல ஊர் விட்டு ஊர் பறக்க, பயணத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கணும்.

பிராஜெக்ட்டுக்கு டிரோன் செய்யறீங்களா? அப்போ நீங்களும் இந்த வானத்துக்குப் பங்காளி. 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரைக்கும் பறக்கவிட முன் அனுமதி வேண்டாம். சின்ன விமானங்கள் பொதுவா 500 அடிக்குக் கீழே வரக் கூடாது. ஊருக்கு மேலே 1,000 அடி. நடுவுல இருக்கிற இடைவெளி வெறும் 100 அடி! ஆள் ஏறின விமானத்துக்கு டிரோன்தான் வழிவிடணும். துறைமுகமும் தொழிற்சாலையும் சூழ்ந்த நம்ம ஏரியாவில், ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் மண்டலத்தைப் பார்க்காம மொட்டை மாடியிலிருந்து ஏத்திடாதீங்க.

போலீஸ் இல்லாத சிக்னல்ல நிக்கிறவன், கேமரா இல்லாத எக்ஸாம் ஹால்ல சொந்தமா எழுதறவன், இவங்கதான் ஜி வகுப்புக்கு ஏத்த பைலட். லைசென்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம். பழக்கத்தை இன்னிக்கே டோல்கேட் ஜங்ஷன்ல ஆரம்பிக்கலாமே!