காரில் பாட்டு ஏன் நின்றது?

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூரைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் காற்றில் உப்பு மணக்கும். பழவேற்காடு ஏரியின் மீனவக் கிராமங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அங்கே என் மாணவர் ஒருவரின் அண்ணன் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். பகலில் வாடகைக்கு ஓட்டலாம். இரவில் ஊரில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்பது அவர் எண்ணம்.

காரிலிருந்த ஸ்டீரியோ செட் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சத்தத்தைக் கூட்டினால் செட் அணைந்துவிடும். என்ஜின் வேகத்தோடு 'ஙொய்' என்ற ஓசையும் ஏறி இறங்கும். பாட்டில் தவில் ஒலி எழும்பவே எழும்பாது. எல்லாவற்றையும்விட மோசம், இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பாட்டரி இறங்கிக் கார் கிளம்பாது.

"செட்டைக் கழற்றி எறிந்துவிடட்டுமா, சார்?" என்றார் அண்ணன்.

"பொறுங்கள் தம்பி, முதலில் அளந்து பார்ப்போம்" என்றேன். கையில் இருந்தது ஒரு மல்டிமீட்டர். துணைக்கு இருந்தது நீங்கள் வகுப்பில் படிக்கும் ஓம் விதி.

ப்யூஸ் சொன்ன கதை

செட்டின் ப்யூஸைக் கழற்றிப் பார்த்தபோது திடுக்கிட்டேன். 10 ஆம்பியர் ப்யூஸுக்குப் பதிலாக யாரோ செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். இதன் அபாயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? குறுக்குச் சுற்று ஏற்பட்டு, கம்பியும் பாட்டரியும் சேர்ந்த மின்தடை 0.1 ஓம் என்று கொள்வோம். மின்னோட்டம் 12 ÷ 0.1 = 120 ஆம்பியர். வெளியாகும் திறன் 12 × 120 = 1440 வாட். அது ஓர் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம், இருக்கைக்கு அடியில்! ப்யூஸ் அடிக்கடி போனால் பெரிய ப்யூஸ் போடுவது வைத்தியம் அல்ல. தேடிப் பார்த்ததில், தகட்டின் கூர் விளிம்பில் உரசி மேலுறை தேய்ந்த கம்பி ஒன்று அகப்பட்டது.

அதைத் தொடுமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றினோம். ஏன் எதிர்முனை? காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் உடலில் பட்டால் குறுக்குச் சுற்றாகிவிடும்.

தூங்காத செட்

தனியாக வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறும். நேரமும் நிலையங்களும் நினைவில் இருக்க அது தேவை. சிவப்புக் கம்பி சாவி போட்டால் மட்டும் மின்சாரம் பெற வேண்டும். கறுப்பு எர்த். ஆனால் பழைய காரில் நிறத்தை நம்பக் கூடாது, அளந்தே தீரவேண்டும். இந்தக் காரில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி விட்டிருந்தார்கள்.

சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனையில் மீட்டரைத் தொடரிணைப்பில் வைத்தோம். (அந்த நிலையில் என்ஜினைக் கிளப்பக் கூடாது, மீட்டர் தாங்காது.) 0.4 ஆம்பியர் காட்டியது. 0.05 ஆம்பியருக்குள் இருப்பதே நல்லது. நாளொன்றுக்கு 0.4 × 24 = 9.6 ஆம்பியர்-மணி; இரண்டு நாளில் 19க்கு மேல். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதிக்கு மேல் காலி! சிவப்புக் கம்பியைப் பிரித்துச் சாவி வழியாக இணைத்தோம். கசிவு நின்றது.

உப்புக் காற்றின் கைவரிசை

செட் அணைவது ஏன்? பாட்டை உரக்க வைத்து, செட்டின் கறுப்புக் கம்பிக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தம் பார்த்தோம். ஏறத்தாழ சுழியாக இருக்கவேண்டிய இடத்தில் 2 வோல்ட்! அப்போது ஓடிய மின்னோட்டம் 4 ஆம்பியர். ஆகவே எர்த் வழியின் மின்தடை 2 ÷ 4 = 0.5 ஓம். பாட்டரி 12.4 வோல்ட் கொடுத்தாலும் செட்டுக்குக் கிடைத்தது 10.4தான். தவில் அதிரும் நொடியில் மின்னோட்டம் எகிறும், மின்னழுத்தம் இன்னும் சரியும், செட் அணைந்துவிடும்.

கறுப்புக் கம்பி முடுக்கப்பட்டிருந்த போல்ட் துருவேறிக் கிடந்தது. செம்பும் இரும்பும் தொட்டிருக்க, நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு குட்டி மின்கலம். அதில் இரும்பு அரிக்கப்படும். துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. போல்டைப் பளபளவென்று சுரண்டி, புது வளையம் வைத்து இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசினோம்.

'ஙொய்' என்றது யார்?

என்ஜினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் மாறுமின்னோட்டம் தருகிறது. டயோடுகள் அதை ஒருதிசைப்படுத்தினாலும் சிற்றலைகள் மிஞ்சுகின்றன. மூன்று கட்டமும் ஆறு இணைத் துருவங்களும் கொண்ட ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள். அது நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் வினாடிக்கு 1200 சிற்றலைகள். காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒலி. செட்டுக்கு ஓரிடத்திலும், டிக்கியிலிருந்த ஆம்ப்ளிஃபையருக்கு வேறிடத்திலும் எர்த் கொடுத்திருந்ததால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டில் இந்தச் சிற்றலை பாட்டோடு கலந்துவிட்டது. இரண்டையும் ஒரே போல்டில் சேர்த்தோம், ஓசை அடங்கியது. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வின் 'மோட்டரோலா' கார் ரேடியோவைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே, என்ஜின் கிளப்பும் மின் இரைச்சலோடு பொறியாளர்கள் மல்லுக்கட்டி வருகிறார்கள்.

காணாமற்போன தவில்

முன்பக்க ஸ்பீக்கர்களின் கம்பிகளைச் செட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல்லை நொடிப்பொழுது தொட்டுப் பார்த்தோம். ஒரே நிறக் கம்பியில் நேர்முனையை வைத்தும் ஒன்றின் கூம்பு முன்னே வந்தது. மற்றதன் கூம்பு பின்னே போனது. ஒன்றின் முனைகள் மாறியிருந்தன. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர்; காரின் அகலத்தைவிட அதிகம். ஒன்று காற்றைத் தள்ள மற்றது இழுத்ததால், அவ்வொலி பெரிதும் அழிந்துபோனது. கம்பிகளை மாற்றினோம், தவில் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே என்ஜின் கிளம்பியது. நடுராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் அந்தக் கார் இனி கைவிடாது.

செய்து பாருங்கள்: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீர் எடுத்து, ஒன்றில் வெறும் இரும்பு ஆணியையும், மற்றதில் செம்புக் கம்பி சுற்றிய ஆணியையும் போட்டு வையுங்கள். எந்த ஆணி வேகமாகத் துருப்பிடிக்கிறது? ஏன்?