தருமபுரி மாவட்டத்தில் புளோரோசிஸ் தடுப்பு

புளோரோசிஸ் என்பது அளவுக்கு மிஞ்சிய புளோரைடு நீண்ட காலம் உடலில் சேர்வதால் பற்களையும் எலும்புகளையும் தாக்கும் நோயாகும். தமிழ்நாட்டில் இந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் தருமபுரி மாவட்டமும் ஒன்று.

காரணம்

இம்மாவட்டத்தின் கடினப் பாறைகளில் புளோரைடு அடங்கிய கனிமங்கள் உள்ளன. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரில் புளோரைடு மெல்லக் கரைகிறது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் ஊர்களில் இந்நீரே குடிநீராகிறது. இந்தியத் தரத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாவிடில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. கரைந்துள்ள புளோரைடு கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடும்.

குழந்தைகளின் பாதிப்பு

நிலையான பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிறது. அக்காலத்தில் மிகையான புளோரைடு சேர்ந்தால் பற்கள் வெண்திட்டுகளுடனும், பாதிப்பு கடுமையானால் பழுப்புக் கறைகளுடனும் முளைக்கும். இக்கறை துலக்கினால் போகாது. பாதிப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தால் மூட்டுவலியும் முதுகெலும்பு விறைப்பும் ஏற்படலாம். எலும்பில் ஏற்பட்ட பாதிப்பை முழுமையாக மாற்றும் மருத்துவம் இல்லை. எனவே தடுப்பு ஒன்றே வழியாகும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்

புளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வழங்குவதே இத்திட்டத்தின் நோக்கம். சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்திற்கு 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பானியக் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றிய இத்திட்டத்தை, 2013 மே மாதத்தில் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கி வைத்தார்.

உள்ளாட்சிகளின் பங்கு

குழாய் பதிப்பதோடு தடுப்பு முடிந்துவிடுவதில்லை. ஆற்றுநீர் போதாதபோது ஆழ்துளைக் கிணற்று நீரையும் மேல்நிலைத் தொட்டியில் கலந்தால் புளோரைடு மீண்டும் குடிநீரில் சேர்ந்துவிடும். எனவே மூல நீரை மட்டுமன்றி, தெருக்குழாயிலும் பள்ளி, அங்கன்வாடிக் குழாய்களிலும் வரும் நீரைச் சோதித்தல் வேண்டும். புளோரைடு மிகுந்த கிணறுகளை அடையாளமிட்டு, அந்நீரைப் பிற தேவைகளுக்கு மட்டும் ஒதுக்கலாம். மழைநீர் சேகரிப்பும், கால்சியமும் வைட்டமின் சி சத்தும் நிறைந்த உணவும் துணைபுரியும்.

பள்ளிகளில் பற்களைச் சோதிப்பது பயனுள்ளதாயினும், ஒரு மாணவரின் பல் காட்டுவது அவர் சில ஆண்டுகளுக்கு முன் குடித்த நீரையே. இன்றைய குழந்தையைக் காக்க இன்றைய குடிநீரையே சோதித்தாக வேண்டும்.