எது ஒத்துக்கொள்ளவில்லை? நோட்டில் எழுதிப் பாருங்கள்



பரமக்குடிப் பக்கம் நெல் அறுப்பு முடிந்த கையோடு முண்டு மிளகாய் களத்துக்கு வந்துவிடும். கண்மாய்க் கரை நெடுகச் சீமைக்கருவேலம் வேறு. தும்மல், இழுப்பு, அரிப்பு எது வந்தாலும் "எல்லாம் மிளகாய் நெடிதான்" என்று சொல்லிவிடுகிறோம். மிளகாய் நெடி எல்லாருக்குமே எரியும். விலகிப் போனால் அடங்கும். ஒவ்வாமை அப்படியில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும். சீமைக்கருவேலம் பூத்தூள் ஒருத்தரை ஒன்றும் செய்யாது, பக்கத்து வயல்காரருக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகும்.

இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்லி என்ற டாக்டருக்கே இந்தத் தும்மல் இருந்தது. பசை தடவிய கண்ணாடியைக் காற்றில் வைத்து, தினம் எவ்வளவு பூத்தூள் ஒட்டுகிறது என்று எண்ணி, புல் பூத்தூள்தான் காரணம் என்று 1873இல் புத்தகமே எழுதினார். நமக்குக் கண்ணாடி வேண்டாம். பிள்ளைகளின் பழைய நோட்டு போதும். தொந்தரவு வந்த நாள், மணி, அன்றைக்குச் செய்த வேலை, நின்ற இடம், சாப்பிட்டது, போட்ட மாத்திரை இவற்றைக் குறியுங்கள். தொந்தரவு இல்லாத நாளையும் எழுத வேண்டும். அதை விட்டால் ஒப்பிட முடியாது.

அன்றைக்குச் செய்ததை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பூத்தூள் சில நிமிஷத்தில் காட்டிவிடும். இறால், நண்டு பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள். பார்த்தீனியம் செடியைப் பிடுங்கினால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் அரிப்பு எடுக்கும்.

இவற்றில் மோசமானது பூசணம் பிடித்த வைக்கோல். மழையில் நனைந்த படப்பைக் காலையில் பிரித்தால், நாலிலிருந்து எட்டு மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு முட்டல் வரலாம். ஓரிரு நாளில் விட்டுவிடும். சளிக்காய்ச்சல்னு நினைச்சு மறுபடி அதே படப்புக்குப் போவோம். இப்படியே வருஷக்கணக்கில் போனால் நுரையீரல் தழும்பேறிவிடும்; அது திரும்பாது. "படப்பு பிரித்தேன், ராத்திரி காய்ச்சல்" என்று நோட்டில் இரண்டு தரம் வந்தாலே டாக்டரிடம் காட்டுங்கள்.

சந்தேகப்பட்ட ஒன்றை மட்டும் இரண்டு வாரம் விலக்கிப் பாருங்கள். ஒரே நேரத்தில் நாலையும் விட்டால் எது காரணம் என்று தெரியாது. பிள்ளைகளுக்குப் பால், முட்டையை நாமாக நிறுத்தக் கூடாது. உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் நோட்டைத் தேட வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். அப்படி ஒருமுறை ஆன பொருளை வீட்டில் மறுபடி சோதித்துப் பார்க்கவே கூடாது.

ஆஸ்பத்திரியில் தோலில் மருந்து வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு. பார்த்தீனியம் போன்றவற்றுக்கு முதுகில் பட்டை ஒட்டி இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்ப்பார்கள். குத்தும் சோதனைக்கு முன்னால் அரிப்பு மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.