கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சா? எதை எடுத்தாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க!

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இனி ஒரு தொந்தரவும் இல்லை" என்று உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ சொல்லியிருப்பார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே ஆபரேஷன் இல்லை. எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதைப் பொறுத்து பின்விளைவும் மாறும்.

மேல்பகுதி மட்டும் எடுத்திருந்தால்: கருப்பை வாய் அப்படியே இருக்கும். சிலருக்கு மாதாமாதம் லேசாக ரத்தம் படலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டும். "கர்ப்பப்பைதான் இல்லையே, டெஸ்ட் எதுக்கு?" என்று விட்டுவிடாதீர்கள்.

கருப்பை வாயோடு முழுவதும் எடுத்திருந்தால்: மாதவிலக்கு நின்றுவிடும். சினைப்பைகள் இருந்தால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். ஆனாலும் சிலருக்கு மெனோபாஸ் கொஞ்சம் முன்கூட்டியே வரலாம். திடீரென உடம்பு சூடாவது, இரவில் வியர்ப்பது, தூக்கம் வராதது இதன் அறிகுறிகள்.

இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால்: மெனோபாஸ் உடனே வந்துவிடும். 45 வயதுக்குள் இப்படி நடந்தால் எலும்பு பலவீனமாகும். இதய நோய் அபாயமும் கூடும். ஹார்மோன் மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

புற்றுநோய்க்காகச் சுற்றுத் திசுக்களையும் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால்: சிறுநீர் கழிப்பதில் சிரமம், கால் வீக்கம் வரலாம். தொடர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

எந்த வகையானாலும், சில ஆண்டுகள் கழித்து இருமும்போது சிறுநீர் கசிவதோ, அடியிறக்கமோ வரலாம். "வயசானா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதற்குப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு.

இன்றே செய்ய வேண்டியது

டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பை வாய் இருக்கிறதா, சினைப்பை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு, அந்தப் போட்டோவோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். பிறகு எந்த டாக்டரைப் பார்த்தாலும் காட்டலாம்.

இனிமேல்தான் ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: "மாத்திரையில் சரியாகாதா? சினைப்பையையும் எடுக்கணுமா, ஏன்?" சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

அம்மாவின் ரிப்போர்ட் பீரோவில்தானே இருக்கிறது? இன்று சாயங்காலம் எடுத்துப் பாருங்களேன்.