முதுகில் சோலார் கட்டினால் பேட்டரி சைக்கிள் எவ்வளவு தூரம் கூடப் போகும்?



திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து செங்கல்பட்டில் இருக்கும் நம் பள்ளிக்குப் பேட்டரி சைக்கிளில் வருகிறவர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். அதில் முக்கால்வாசி, அண்ணனோ மாமாவோ ஓட்டிவிட்டுக் கொடுத்த பழைய வண்டி. காலையில் ஜம்முனு வந்துடும். சாயங்காலம் பாதி வழியிலேயே பேட்டரி படுத்துடும். அப்புறம் அந்தக் கனமான வண்டியை இருட்டுகிற நேரத்தில், லாரி போகிற ரோட்டோரமாக மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போகணும். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்.

இதற்கு ஒரு யோசனை சைக்கிள் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வளையும் சோலார் பேனல் கடையில் கிடைக்கிறது. அதை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டினால், போகிற வழியிலேயே பேட்டரி ஏறிக்கொண்டே வருமே! "நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சமா?" என்று கேட்கிறார்கள். காசு சேர்க்கவும் ஆரம்பித்தாச்சு. வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம் வாங்க.

முதலில் வாட்-மணி என்றால் என்ன? 40 வாட் பல்பு 1 மணி நேரம் எரிந்தால் 40 வாட்-மணி. இப்படி 1000 சேர்ந்தால் கரண்ட் பில்லில் வரும் 1 யூனிட். பேட்டரி மேலேயே வோல்ட், ஆம்பியர்-மணி இரண்டும் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி. 36 வோல்ட், 8 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 288 வாட்-மணி. நாமும் மிதித்துக்கொண்டு மோட்டாரின் உதவியையும் வாங்கிக்கொண்டால் 1 கி.மீ.க்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும். மிதிக்காமல் முறுக்கிக்கொண்டே போனால் 15-க்கும் மேலே போகும். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 14 கி.மீ. போக வர 28 கி.மீ., ஆக 280 வாட்-மணி. புது பேட்டரிக்கு இது சரியாகப் போதும். ஆனால் பழைய பேட்டரி மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்திருந்தால் கையில் இருப்பது 190 வாட்-மணிதான். 19 கி.மீ. ஓடி, கடைசி 9 கி.மீ.க்கு நம்மைக் கைவிட்டுவிடும். அந்த 9 கி.மீ. தான் நம் பிரச்சினை.

இப்போது முதுகுக்கு வருவோம். நம் வயசுப் பிள்ளைகளின் முதுகில் 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் உள்ள பேனல் வைக்கலாம். பரப்பு 0.2 சதுர மீட்டர். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் நேராக விழுந்தால் சுமார் 1000 வாட். நல்ல பேனல் அதில் 20 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். அப்படியானால் 0.2 × 1000 × 0.2 = 40 வாட். ஆகா, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 'நேராக விழுந்தால்' என்று சொன்னோமே, வில்லங்கம் அந்த வார்த்தையில்தான் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது கிழக்கே பார்த்து நிற்கும் பாறை. காலையில் போனால் யானையும் பூனையும் பளிச்சென்று தெரியும். மத்தியானம் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடும், சிற்பத்தின் முகத்தில் நேர் வெயில் விழாது. சாயங்காலம் பாறையின் நிழலே அதன் மேல் விழுந்திருக்கும். செங்குத்தாக நிற்கிற எந்தப் பரப்புக்கும் இதே கதைதான். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் நம் முதுகும் ஏறக்குறைய செங்குத்துதானே?

அதிலும் நம்ம ஊர் சூரியன் தனி ரகம். நாம் இருப்பது சுமார் 12.6 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அன்றைக்குக் கொடிக்கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. அந்த வெயில் தலையிலும் தோளிலும்தான் விழும், முதுகில் விழாது. ஐரோப்பாவில் சூரியன் சாய்ந்தே வருவதால் அங்கே முதுகில் கட்டும் பேனலுக்குக் கொஞ்சம் அர்த்தம் இருக்கலாம். இங்கே வெயில் அதிகம் இருந்தும் முதுகுக்குக் கிடைப்பது குறைவு.

இதில் இன்னொரு வேடிக்கை, யார் எந்தத் திசையில் போகிறார்கள் என்பது. திருக்கழுக்குன்றமும் மாமல்லபுரமும் நமக்குக் கிழக்குப் பக்கம். அங்கிருந்து காலையில் பள்ளிக்கு வருகிறவருக்குச் சூரியன் பின்னால் இருக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் மேற்கே இறங்கும் சூரியன் பின்னால்தான். சாய்வாகவாவது முதுகில் படும். ஆனால் செங்கல்பட்டில் வீடு இருந்து, காலையில் மாமல்லபுரத்தில் சிற்ப வேலைக்கோ ஓட்டல் வேலைக்கோ போகிற அண்ணன்மாருக்கு நேர்மாறு. காலையிலும் கண்ணைக் கூசும், மாலையிலும் கண்ணைக் கூசும், முதுகு எப்போதும் நிழல்! அவர்கள் பேனலை நெஞ்சில்தான் கட்டணும்.

கணக்கை முடித்துவிடலாம். பின்வெயில் கிடைக்கிற அதிர்ஷ்டசாலிக்கே காலை 8 மணி வெயில் சாய்வாக விழுந்து சுமார் 20 வாட் வரும். 14 கி.மீ. வர முக்கால் மணி நேரம் ஆகும், அதில் 14 அல்லது 15 வாட்-மணி. பேனல் சூட்டிலும் சார்ஜர் கருவியிலும் போவது போக 11 என்று வையுங்கள். ஆக 1 கி.மீ. கூடுதல், போக வரச் சேர்த்து 2 கி.மீ. எதிர்த்திசையில் போகிறவருக்கு ஒரு வழிக்கு 300 மீட்டர் வந்தால் பெரிசு. 9 கி.மீ. பள்ளத்தை இதை வைத்து மூட முடியாது.

இதுவும் பேனல் மேல் நிழலே விழாவிட்டால்தான். பேனலுக்குள் சின்னச் சின்ன சூரிய மின்கலங்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன. தோட்டத்துக்குப் போகிற ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் குழாய் முழுக்கத் தண்ணீர் குறைகிறது இல்லையா, அதுபோல ஒரு கலத்தை நிழல் மூடினாலே மொத்த மின்சாரமும் விழுந்துவிடும். பெரிய பேனல்களில் இதைச் சமாளிக்க டயோடு வைத்திருப்பார்கள். முதுகில் கட்டும் சின்னதில் ஒரு சடையின் நிழல் போதும், கதை முடிந்தது. (இரட்டைச் சடை போடும் தங்கைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பையன்களுக்கு இருக்கவே இருக்கிறது புத்தகப் பை!) அப்புறம் வியர்வை. பேனல் மின்சாரமாக்காத மீதி வெயிலில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறும். மே மாதம் அதை முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றுப் போகாமல் மிதித்தால் பேட்டரிக்கு முன்னால் நாம் படுத்துவிடுவோம்.

அப்படியானால் சோலார் சட்டை எல்லாம் சும்மாவா? இல்லை. டாமி ஹில்ஃபிகர் என்ற ஆடை நிறுவனம் 2014-இல் சோலார் பேனல் வைத்த ஜாக்கெட்டை விற்றது. அது செல்போனுக்கு. ஒரு செல்போன் பேட்டரி சுமார் 15 வாட்-மணிதான். நம் சைக்கிள் பேட்டரியில் 19 செல்போனை நிரப்பலாம். எறும்புக்குப் போடும் அரிசியை யானைக்குப் போட்டால் எப்படி?

வெயிலால் வண்டி ஓட்டி ஜெயித்தவர்கள் பேனலை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். 'சன் டிரிப்' என்று ஒரு சோலார் சைக்கிள் பயணம் 2013-இல் பிரான்சில் தொடங்கியது, முதல் தடவை கஜகஸ்தான் வரை போனார்கள். 2018-இல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து சீனாவின் குவாங்சோ வரை! அவர்கள் பேனலைத் தலைக்கு மேல் பந்தல் மாதிரி போட்டார்கள், இல்லாவிட்டால் பின்னால் ஒரு குட்டி வண்டியில் வைத்து இழுத்தார்கள். நம் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் கரி இல்லாமல் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலுக்கே போனார். அதிலும் பேனல் வண்டியின் கூரையில்தான். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017-இல் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' படகிலும் கூரைதான். எல்லாமே வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கின்றன.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: முதுகில் கட்டிக்கொண்டு வாங்க, ஆனால் பள்ளிக்கு வந்ததும் கழற்றிப் போடுங்க! அதே 40 வாட் பேனலை, நிழல் விழாத இடத்தில் காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை படுக்கப் போட்டால், தெளிந்த கோடை நாளில் உச்சி வெயிலுக்குச் சமமாகச் சுமார் 5 மணி நேரம் கிடைக்கும். 200 வாட்-மணி. சூடு, சார்ஜர் எல்லாம் தின்றது போக 140 நிற்கும். அது 14 கி.மீ.! நாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வீடு திரும்பும் வழி முழுக்கத் தயாராகிவிடுகிறது. ஓடும்போது 1 கி.மீ. தருவது, சும்மா கிடக்கும்போது 14 கி.மீ. தருகிறது. கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

செய்பவர்கள் கவனிக்க: சின்ன பேனல் பெரும்பாலும் 18 வோல்ட் அளவில்தான் தரும். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுசாக நிரம்ப 42 வோல்ட் வேண்டும். நடுவில் வோல்ட்டை உயர்த்தி, நிரம்பியதும் தானாக நிறுத்தும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். ஒயரை நேராகச் சொருகுகிற வேலையே வேண்டாம், லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது ரொம்பக் கஷ்டம். பேனல் வெயிலில் இருக்கணும், பேட்டரி நிழலில் இருக்கணும். இரண்டையும் சேர்த்து வெயிலில் போடக் கூடாது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்கணும்.

ஆளுக்கொரு பேனலை மைதானத்தில் பரப்பினால் பந்து விழுந்து உடையும், அதுவும் உண்மை. நம் சைக்கிள் ஸ்டாண்டின் தெற்குப் பக்கக் கூரையில் வேப்பமர நிழல் விழுவதில்லை. வீடுகளில் மாட்டுகிற 500 வாட் பேனல் ஒன்றை அங்கே வைத்தால், நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 1.8 யூனிட் கிடைக்கும். ஆளுக்கு 140 வாட்-மணி என்றால் 12 பேருக்குப் போதும். இப்போது பேட்டரி சைக்கிளில் வருவது அத்தனை பேர்கூட இல்லை. தலைமையாசிரியர் அவர்கள் இந்தத் தாளைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்!

வடகிழக்குப் பருவமழைக் காலத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வானம் முழுக்க மூடிக்கிடக்கும் நாளில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பழைய பேட்டரிக்காரர்கள் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவது உத்தமம், சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டிவிட்டுப் போகலாம்.

– 11 'ஆ' பிரிவு