இரைச்சலை உடைக்கும் வரப்புகள்

சாலையோ ஓடுபாதையோ அருகில் வந்துவிட்டால் உடனே கேட்கும் கோரிக்கைகள் இரண்டு: சுவர் எழுப்புங்கள், மரம் நடுங்கள். கிறீச்சென்ற சத்தத்துக்குச் சுவர் ஓரளவு கைகொடுக்கும். அடித்தொனியில் வரும் உறுமலுக்கு இரண்டுமே போதாது. நிலத்தின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் இதற்குச் சான்று. அங்கே போல்டர்பான் என்ற 3.8 கிலோமீட்டர் ஓடுபாதை 2003-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அது அமைந்த ஹார்லமர்மேர், 19ஆம் நூற்றாண்டில் ஏரியை வற்றவைத்து மீட்ட பூமி. மேடு பள்ளமற்ற சமவெளி. விமானம் கிளம்பும்போது எழும் உறுமல், குறுக்கே எதுவும் இல்லாததால், தரையோடு தரையாகப் பரவித் தொலைவிலிருந்த வீடுகளையும் எட்டியது.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 30 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம், அப்படியானால், ஏறத்தாழ 11 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை, நாலைந்து மீட்டர் சுவரின் விளிம்பில் வளைந்து மறுபக்கம் இறங்கிவிடும்; ஒற்றை வரிசை மரங்களைப் பொருட்படுத்தவே செய்யாது. தீர்வுக்கான துப்பு வயலில் கிடைத்தது. அறுவடை முடிந்து நிலத்தை உழுத பருவத்தில் சத்தம் குறைவதை அங்கே குடியிருந்தவர்கள் கவனித்தார்கள். அதை அடிப்படையாக வைத்து நிலக்கலைஞர் பால் டி கோர்ட் 36 ஹெக்டேரில் வடிவமைத்த பௌட்டன்ஸ்கோட் பூங்கா 2013-இல் திறக்கப்பட்டது. சுமார் 150 நேர்வரப்புகள், ஆள் உயரத்துக்கு. வரப்புக்கு வரப்பு இடைவெளி கிட்டத்தட்ட அதே 11 மீட்டர். தரையை ஒட்டி வரும் அலை வரப்புக்கு வரப்பு மோதி, கொஞ்சம் கொஞ்சமாக வானத்தை நோக்கிச் சிதறுகிறது. இடைவெளி அளவு பிசகக் கூடாது என்பதால் ஜிபிஎஸ் வழிகாட்டும் இயந்திரங்களைக் கொண்டே மண்ணை வெட்டினார்கள்.

தலைக்கு மேலே பறக்கும் விமானத்தின் சத்தத்தை வரப்பு என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒன்றும் செய்யாது. அதற்கு அமைதியான எஞ்சின், பறக்கும் பாதை, நேரக் கட்டுப்பாடு என்று வேறு வழிகள் வேண்டும். இத்தனை நிலம் வீணல்லவா என்பது அடுத்த கேள்வி. ஓடுபாதையை ஒட்டிய இடம் குடியிருப்புக்கு எப்படியும் உதவாது. வரப்புகளுக்கு நடுவிலோ இன்று நடைபாதையும் சைக்கிள் பாதையும் விளையாட இடமும் இருக்கின்றன. மரங்களையும் ஒதுக்க வேண்டியதில்லை: பல மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பும் அதன் பொலபொலப்பான மண்ணும் கிறீச்சொலியைக் கொஞ்சம் உறிஞ்சவே செய்யும். கட்டடத்துக்கும் இதே கணக்குதான். படுக்கையறையைச் சாலைக்குப் பின்பக்கம் தள்ளுவதா, கனமான சுவர் எழுப்புவதா, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவதா என்பதை வரும் சத்தத்தின் அதிர்வெண்தான் சொல்ல வேண்டும். அதை அளக்காமல் போடும் தடுப்பில் செலவு மட்டுமே மிஞ்சும்.