பல நாட்டுக் கம்பெனியும் பாதுகாப்புப் பழக்கமும்

ஒரே கூரையின்கீழ் ஐம்பது பேர் வேலை செய்யும் தறிக்கூடத்தில் விபத்து நேரிடாமல் காப்பதே எளிதன்று. அவ்வாறாயின், பல நாடுகளில், பல மொழி பேசும் மக்களைக் கொண்டு தொழிற்சாலைகளை நடத்தும் ஒரு பெருங்கம்பெனி, அவை எல்லாவற்றிலும் உயிருக்கும் உடலுக்கும் ஒரே அளவான காப்பை அளிப்பது எங்ஙனம்? விதிகளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடலாம். அவ்விதிகள் தொழிலாளியின் பழக்கமாகவும் மேலாளரின் மனச்சாட்சியாகவும் ஆவதே அரிது. அப்படி ஆகிவிட்ட நிலையையே பாதுகாப்புப் பண்பாடு என்கின்றனர். கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாமும் இதிலிருந்து கற்க வேண்டியவை பல இருப்பதால், நடந்த நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு இப்பொருளை விளக்க முற்படுகிறோம்.

சாதனம் இருந்தும் காப்பு இல்லை

பருத்தி பயிரிடுவோருக்குச் ‘செவின்’ என்ற பூச்சிமருந்தின் பெயர் புதிதன்று. அதனைத் தயாரித்த போபால் தொழிற்சாலை, அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கம்பெனி 50.9 சதவீதப் பங்குகளை வைத்திருந்த ஓர் இந்தியக் கம்பெனிக்குச் சொந்தமாயிருந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, மெதில் ஐசோசயனேட் என்னும் திரவம் நிரம்பிய தொட்டியில் நீர் புகுந்தது. திரவம் கொதித்து, நச்சு வாயுவாகி, உறங்கிக்கொண்டிருந்த ஊரின்மீது பரவிற்று. அரசாங்கம் முதலில் கணக்கிட்ட இறப்பே 2,259. பின்னர் மாண்டோரும் நோயுற்றோரும் பல்லாயிரவர்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தொழிற்சாலையில் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இல்லை. ஆனால், திரவத்தைக் குளிர்விக்கும் யந்திரம் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெளிவரும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம், குழாய்ப் பழுதை நீக்குவதற்காகத் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. வாயுவைக் கழுவித் தூய்மையாக்கும் கருவி, அன்று வெளிப்பட்ட அளவைத் தாங்க வல்லதாக இல்லை. 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்து பார்வையிட்ட நிபுணர்கள் குறைகள் பலவற்றை எழுதியும் சென்றிருந்தனர். அறிக்கை இருந்தது, சாதனமும் இருந்தது. எந்நாளும் அவற்றைச் செயல்படும் நிலையில் வைத்திருக்கும் பழக்கம்தான் இல்லை. செலவைச் சுருக்க முற்பட்டபோது, பாதுகாப்பும் சேர்ந்து சுருங்கிற்று.

தலைமையிலிருந்து தொடங்கிய மாற்றம்

இனி, வேறு வழியில் சென்ற ஒரு கம்பெனியைக் காண்போம். அமெரிக்காவின் அல்கோவா கம்பெனி, உலகின் பெரிய அலுமினிய உற்பத்தியாளர்களுள் ஒன்று. உருகிய உலோகமும், பேரழுத்த யந்திரங்களும், கொதிகலன்களும் நிறைந்த தொழில் அது. 1987இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற பால் ஓநீல், நியூயார்க் நகரில் கூடிய முதலீட்டாளர்களிடம் முதன்முதலாகப் பேசியபோது இலாபத்தைப் பற்றிப் பேசவில்லை. தொழிலாளர் ஒருவருக்கேனும் காயம் நேரிடக் கூடாது என்பதே தம் குறிக்கோள் என்று அறிவித்தார். கேட்டோர் சிலர் திகைத்தனர். பங்குகளை விற்றுவிடுமாறு தம் வாடிக்கையாளருக்கு யோசனை கூறியவரும் உண்டு.

பாதுகாப்புக்கென்று தனி வரவு செலவுத் திட்டம் வேண்டாம் என்றார் அவர். செலவிட மனமின்றி அவர் இவ்வாறு கூறவில்லை. ஆபத்து கண்ணில் பட்டவுடன் அதை நீக்கிவிட வேண்டும், பணம் ஒதுக்கப்படும்வரை காத்திருக்கலாகாது என்பதே அவர் கருத்து.

அவர் பதவியேற்ற சுமார் ஆறு மாதங்களில், அரிசோனாவிலிருந்த ஆலையொன்றில் இளந்தொழிலாளி ஒருவர் இறந்தார். யந்திரத்தில் சிக்கிய உலோகத் துண்டை எடுப்பதற்காக அவர் தடுப்பைத் தாண்டிச் சென்றார். துண்டை நீக்கியதும் யந்திரம் மீண்டும் இயங்கி, அதன் பெருங்கை அவர் தலையில் மோதிற்று. விதியை மீறியவர் அவரே என்று கூறிக் கணக்கை முடித்திருக்கலாம். ஓநீல் அவ்வாறு செய்யவில்லை. உயர் அதிகாரிகளை அழைத்து, இம்மரணத்துக்குத் தாமும் அவர்களுமே பொறுப்பு என்றார்.

பின்னர் வினாக்கள் எழுந்தன. அவர் தடுப்பைத் தாண்டியதைக் கண்ட மேலாளர்கள் ஏன் தடுக்கவில்லை? யந்திரம் நின்றுபோனால் தம்மேல் பழி வராது என்று அவருக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? ஆள் உள்ளே நுழைந்தால் யந்திரம் தானே நின்றுவிடும் அமைப்பு ஏன் இல்லை? இவ்வினாக்களில் தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் வினா ஒன்றேனும் இல்லை என்பதைக் காண்க. பாதுகாப்புப் பண்பாட்டின் வித்து இங்கேதான் இருக்கிறது.

செய்தி மறையாதிருக்க வேண்டும்

அதன்பின் ஒரு விதி நிலைபெற்றது. எந்த நாட்டிலாயினும் ஒருவருக்குக் காயம் நேரிட்டால், அப்பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் தலைமை அதிகாரிக்கு அறிவித்து, அது மீண்டும் நிகழாதிருக்க வழியும் கூற வேண்டும். இவ்விதியால் விளைந்த பயனைப் பாருங்கள். பிரிவுத் தலைவர் 24 மணி நேரத்தில் அறிய வேண்டுமானால், மேலாளர் அதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். மேலாளர் அறிய வேண்டுமானால், மேஸ்திரியும் தொழிலாளியும் அச்சமின்றி வாய் திறக்க வேண்டும். இவ்வாறு கீழிருந்து மேலே செய்தி செல்லும் பாதை உண்டாயிற்று. அப்பாதை வழியே உற்பத்தியைச் சீர்திருத்தும் யோசனைகளும் வரலாயின.

இவ்விதிக்குச் சோதனை மெக்சிகோவில் வந்தது. மோட்டார் வாகனங்களுக்கு மின்கம்பித் தொகுப்புகள் செய்யும் அல்கோவாவின் ஆலையொன்று அங்கே அகூஞா என்ற ஊரில் இருந்தது. 1996இல் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் கன்னிமாடத்துத் துறவி ஒருவர் எழுந்து, அவ்வாலைத் தொழிலாளர் வாயுவினால் நோயுற்றனர் என்று கூறினார். ஓநீல் முதலில் அதை ஏற்கவில்லை. விசாரித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. உள்ளூர் நிர்வாகம் குறையைச் சரிசெய்துவிட்டது. ஆயினும் தலைமையகத்துக்கு அறிவிக்கவில்லை. வியாபாரத்தைப் பெருக்கிய மூத்த அதிகாரி ஒருவர் அதன் பொருட்டுப் பதவி நீக்கப்பட்டார். ஓர் ஆலையில் நேர்ந்த தீங்கை மறைத்தால், பிற நாட்டு ஆலைகள் அதனினின்று பாடம் கற்க இயலாது. அங்கும் அதே தீங்கு நேரலாம். ஆதலால் மறைத்தலே பெருங்குற்றமாயிற்று.

1987இல் அல்கோவாவில் ஆண்டொன்றுக்கு நூறு தொழிலாளருக்கு 1.86 என்ற கணக்கில், வேலைநாளை இழக்கச் செய்யும் காயங்கள் நேர்ந்தன. ஓநீல் விலகிய 2000ஆம் ஆண்டில் அது சுமார் 0.2 ஆகக் குறைந்தது. இலாபமும் குறையவில்லை, பன்மடங்கு உயர்ந்தது.

சொந்தச் சுவருக்கு அப்பால்

பல நாட்டுக் கம்பெனிகள் பல, இன்று பண்டங்களைத் தம் ஆலையில் செய்வதில்லை. பிறரிடம் செய்வித்துக் கொள்கின்றன. அங்குள்ள காப்புக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு நெசவுத் தொழிலோடு உறவுடைய துயரமொன்று விடை தேடிற்று. வங்கதேசத்தின் சவார் நகரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் 2013 ஏப்ரல் 24இல் இடிந்து, 1,134 பேர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் வெடிப்பு காணப்பட்டு, கீழ்த்தளத்து வங்கி மூடப்பட்டது. ஆடைத் தொழிலாளரோ மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். மறுத்தால் கூலி போய்விடும் என்ற அச்சத்தால் உள்ளே சென்றனர்.

அதன்பின், அதே ஆண்டு மே மாதத்தில், ஆடை வாங்கும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கட்டடங்களைச் சுதந்திரமான பொறியாளர் சோதிப்பதும், ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் அதில் இடம் பெற்றன. 2022இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பும் சுகாதாரமும் உடைய வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

நமக்குரிய பாடம்

கூட்டுறவுச் சங்கத்தில் உடைமையாளரும் உழைப்பாளரும் நாமே. செய்தியை மறைத்தால் நம்மிடமிருந்தே மறைத்தவராவோம். ஆகவே, தறிக்கூடத்திலும் சாயப்பட்டறையிலும் ஒரு குறிப்பேடு வைப்போம். காயம் மட்டுமன்று, மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சியும் அதில் பதியப்படட்டும். ஓடும் தறியில் கைவைக்காதீர் என்று எச்சரிப்பதோடு நில்லாமல், பெல்ட்டுக்கு மூடியும் நாடாவுக்குத் தடுப்பும் அமைப்போம். காஸ்டிக் சோடாவைக் கையாள்பவருக்குக் கையுறையும், பூச்சிமருந்து தெளிப்பவருக்கு முகமூடியும் சங்கச் செலவிலேயே கிடைக்கட்டும். மருந்துப் புட்டியை உணவுப் பொருளருகில் வைக்கும் வழக்கம் அறவே ஒழியட்டும். நிர்வாகக் குழு கூடும்போது, கணக்கு வாசிப்பதற்கு முன் அக்குறிப்பேட்டை வாசிப்பதை முதல் அலுவலாகக் கொள்ளலாம்.

யாரால் நேர்ந்தது என்று கேட்பதைவிட, எதனால் நேர்ந்தது என்று கேட்கப் பழகுவோமாக. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் முழு உடலோடு வீடு திரும்புவதைக் காட்டிலும் ஒரு சங்கம் ஈட்டக்கூடிய பெரிய இலாபம் வேறில்லை.